கள்ளு மண்டியும் நம்ம ஒடம்பும்

ஒத்தை செல்லா இருந்த உயிருங்க ஏன் பல செல் உயிரா மாறுச்சுன்னு யார்கிட்டக் கேட்டாலும் பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வருது. பெருசா இருந்தா பலம், கூட்டமா இருந்தா பாதுகாப்பு, அப்படியே படிப்படியா மேல ஏறி வந்து கடைசில மனுசன்ல வந்து நின்னுச்சு. பள்ளிக்கூட புஸ்தகத்துல படமும் அப்படித்தான் இருக்கும், அடியில அமீபா, உச்சியில நாம. எனக்கு இது ரொம்ப நாளாவே ஒத்து வரல. அமீபா அடியில எல்லாம் இல்லீங்க, அது இன்னைக்கும் நம்மகூடவே இருக்கு, நம்மள மாதிரியே 350 கோடி வருசத்துக்கு மேல தப்பிப் பொழச்ச வம்சம்தான் அதுவும். பூமில உயிர் இருந்த காலத்துல பெரும்பகுதி ஒத்தை செல்லுங்க காலம்தான். நம்ம ஒடம்புலயே பாருங்க, நம்ம சொந்த செல்லு சுமாரா 30 லட்சம் கோடி, அதுமேலயும் உள்ளயும் குடியிருக்கற பாக்டீரியா சுமாரா 38 லட்சம் கோடி. தனியா இருந்தா பொழைக்க முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது, ரொம்ப நல்லாவே பொழைக்குது.

அப்பறம் எதுக்கு சேந்துச்சு? இங்கதான் ஒரு விசயம் பலபேருக்குத் தெரியாது. செல்லுங்க சேந்து வாழ ஆரம்பிச்சது ஒரே ஒரு தடவ நடந்த அதிசயம் இல்ல. தனித்தனி வம்சத்துல, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம, கொறஞ்சது 25 தடவ நடந்திருக்குன்னு கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க. ஆனா அதுல நெசமான பெரிய ஒடம்பு, அதாவது பல தினுசு திசு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலன்னு வந்தது மிருகங்க, தரைச் செடிங்க, பூஞ்சைல ரெண்டு கெளை, செவப்புப் பாசி, பழுப்புப் பாசி, அவ்வளவுதான். ஒட்டிக்கறது சும்மா நடக்குது, ஒடம்பா ஆகறது அபூர்வமா நடக்குது. அதனால ஏன் சேந்துச்சுங்கறத விட, சேந்தது ஏன் திரும்பப் பிரியலைங்கறதுதான் எனக்குப் பெரிய கேள்வியாப் படுது.

நாங்க இருக்கறது பொள்ளாச்சிக்கு மேற்க, கோபாலபுரம் செக்போஸ்ட்டத் தாண்டி கொழிஞ்சாம்பாறை போற பக்கம். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, ஒரே மண்ணு, வீட்டுல பேசறதும் தமிழ்தான், ஆனா மாநில எல்லைக் கோட்டுக்குக் கெழக்க தமிழ்நாட்டுல கள்ளு எறக்குனா கேஸு, மேற்க கேரளால லைசென்ஸு. கேரளால மத்த ஜில்லாக்களுக்குப் போற கள்ளுல நெறைய எங்க சித்தூர் தாலுகா தோப்புங்கள்ல இருந்து போறதுதான், காலைல கேன் ஏத்துன வண்டிங்க வரிசையா போகும். எங்க தோப்புல மரம் ஏறுற பெரியவர் ஒருத்தர்கிட்ட சின்ன வயசுல கேட்டிருக்கேன், தெளுவு, அதான் பதநீர், எப்படிங்க கள்ளாகுதுன்னு. "முட்டில சுண்ணாம்பு தடவுனா தெளுவு, தடவாட்டி கள்ளு, அவ்வளவுதான் கண்ணு"ன்னாரு. உள்ள நடக்கறது ஈஸ்ட்டோட வேல, சக்கரையத் தின்னு சாராயமும் வாயுவும் விடுது, சுண்ணாம்பு பட்டா அதுக்கு ஆகாது. கள்ள கண்ணாடி பாட்டில்ல ஊத்தி அசையாம வெச்சீங்கன்னா கொஞ்ச நேரத்துல அடியில வெள்ளையா மண்டி நிக்கும், விரல்ல தொட்டா மாவு மாதிரி வழவழன்னு இருக்கும், புளிச்ச வாசம் அடிக்கும். எங்கம்மா ஆப்ப மாவுக்கு அந்த மண்டியத்தான் ஊத்துவாங்க. அதுல பாக்டீரியாவும் இருக்கும், ஆனா முக்கியமா இருக்கறது சாக்கரோமைசிஸ் செரிவிசியேன்னு சொல்ற ஈஸ்ட், பேக்கரில ரொட்டிக்குப் போடறதும் இதே இனந்தான். ஒவ்வொண்ணும் ஒரே ஒரு செல்லு. தாய் செல்லுல ஒரு மொட்டு விடும், மொட்டு பெருசாகும், அறுத்துக்கிட்டுத் தனியாப் போயிரும்.

இந்த ஈஸ்ட்ட வெச்சுத்தான் அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல வில்லியம் ராட்க்ளிஃப், மைக்கேல் ட்ராவிசானோ இவங்க எல்லாம் சேந்து ஒரு சோதனை பண்ணாங்க, 2012ல வெளியாச்சு. நான் படிச்சதுலயே எளிமையான சோதனைன்னா இதத்தான் சொல்லுவேன். டியூப்ல ஈஸ்ட்ட வளரவிட்டு, ஒரு நாள் ஆனதும் ஆட்டாம நிக்க வெச்சு, அடியில தங்குனத மட்டும் கொஞ்சூண்டு எடுத்து புது டியூப்ல விட்டாங்க, மிச்சத்தக் கொட்டிட்டாங்க. மறுநாளும் அதே. தெனமும் அதே. சீக்கிரம் அடியில போற செல்லுக்குத்தான் அடுத்த நாள் உண்டு, மெல்ல எறங்கறதுக்கு இல்ல. தனி செல்லு மெதுவாத்தான் எறங்கும், கொத்தா இருந்தா வேகமா எறங்கும். 60 நாள்தான், தனித்தனியா ஓட்டுன 10 டியூப்லயும் ஈஸ்ட்டு கொத்துக் கொத்தா வந்து நின்னுச்சு. வேற வேற செல்லுங்க வந்து ஒட்டிக்கிட்ட கொத்து இல்ல அது, மொட்டு விட்ட குட்டி தாயவிட்டு அறுத்துக்கிட்டுப் போகாம அப்படியே நின்னுருச்சு, அதுமேல இன்னொண்ணு, அதுமேல இன்னொண்ணுன்னு கெளை கெளையா. மைக்ராஸ்கோப்ல பனித்துகள் வடிவத்துல தெரிஞ்சதால ஸ்னோஃப்ளேக் ஈஸ்ட்னே பேரு வெச்சுட்டாங்க. அப்பறம் தேடிப் பாத்தப்ப ஏஸ்2ங்கற ஒரே ஒரு ஜீன் கெட்டுப்போனாலே இது நடக்குதுன்னு தெரிஞ்சுது. தாயவிட்டுப் பிரியறதுக்கான என்சைம செய்யச் சொல்ற ஜீன் அது. புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டியதே இல்ல, இருந்த ஒண்ணு கெட்டா போதும், கூட்டம் பொறந்துருது. இத முதல்ல படிச்சப்ப அடுப்படில மூடி வெச்சிருந்த பாட்டில எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னேன்.

ஆனா என்னைய உலுக்குனது அதுக்கு அடுத்து நடந்தது. கொத்து பெருசாகப் பெருசாக உள்ள இருக்கற செல்லுங்களுக்கு சாப்பாடு சரியாப் போகாது, பெரிய கொத்து பிரிஞ்சு குட்டிக் கொத்த விட்டாத்தான் வம்சம் வளரும். அப்ப என்ன ஆச்சுன்னா கொத்துக்குள்ள தானா சாகற செல்லுங்க அதிகமாச்சு. செத்த செல்லு இருக்கற எடத்துல கெளை ஒடையும், ஒடஞ்ச கெளை தனிக் கொத்தா வளரும். தனியா வாழற ஈஸ்ட்டுக்கு தானா சாகறது சுத்த நட்டம், அப்படி ஒரு குணம் வந்தா அந்த வம்சமே அத்துப் போகும். கூட்டத்துல இருக்கற செல்லுக்கு அதே சாவு லாபமாயிருச்சு. இந்த மாதிரி குணம் ஒண்ணு ஒண்ணா சேரச் சேர, மறுபடி தனியாப் போகணும்னா அந்தக் குணமெல்லாம் பாரமாயிரும், தனியாப் போறவன் பொழைக்க மாட்டான். திரும்பற வழி இப்படித்தான் மெல்ல மெல்ல அடையுது. யாரும் திட்டம் போடல, யாரும் மேல ஏறணும்னு நெனைக்கல, ஒவ்வொரு அடியும் அன்னைக்கு லாபமா இருந்துச்சு, அவ்வளவுதான், ஆனா அந்த அடி ஒவ்வொண்ணும் பின்னாடி இருந்த கதவ சாத்திட்டே வந்துச்சு. ஏன் பல செல் உயிர் வந்துச்சுங்கறதுக்கு என்கிட்ட இருக்கற பதில் இதுதான்.

அந்தச் சோதனைய அவங்க நிறுத்தல. அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துல ஓஸான் போஸ்டாக்னு ஒரு ஆராய்ச்சியாளரு 600 நாள் தொடர்ந்து ஓட்டுனாரு, சுமாரா 3000 தலைமுறை, 2023ல வெளியாச்சு. சில கொத்து கண்ணுக்கே தெரியற அளவு வளந்துருச்சு, ஒவ்வொண்ணுலயும் லட்சக்கணக்குல செல்லு. செல்லுங்க நீளமாயி, கெளைங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு, மரத்துக்கு இருக்கற உறுதி வந்துருச்சு. முதல்ல வந்த கொத்து ஜெல்லிய விட லேசு, தட்டுனா ஒடையும். அதுல இன்னொரு சேதி இருக்கு, ஆக்சிஜன் இல்லாம வாழற வகை ஈஸ்ட்டுதான் அப்படிப் பெருசாச்சு, ஆக்சிஜன் பயன்படுத்தறது சின்னதாவே நின்னுருச்சு. ஏன்னா ஆக்சிஜன் வெளிய இருக்கற செல்லுங்களுக்குத்தான் எட்டும், கொத்து பெருசானா உள்ள இருக்கறதுக்கு எட்டாது, சின்னதா இருந்தா எல்லாத்துக்கும் எட்டும். காத்துல ஆக்சிஜன் ஏறுனதாலதான் பெரிய உயிர் வந்துச்சுன்னு ஒத்தை வரில சொல்லிட்டுப் போறவங்க இத யோசிக்கணும். ஆக்சிஜன் நெறைய இருந்தா பெரிய ஒடம்புக்கு உதவிதான், அதுல சந்தேகமில்ல, ஆனா கொஞ்சமா இருக்கறப்ப அதே ஆக்சிஜன் வளர்ச்சிக்குத் தடையாவும் இருந்திருக்கலாம்.

இந்த ஈஸ்ட் சோதனைக்கு ஒரு ஆட்சேபணை உண்டு, நியாயமான ஆட்சேபணைதான். ஈஸ்ட்டோட மூதாதைங்க பல செல் பூஞ்சைங்க, அதனால பழைய பழக்கம் எங்கயோ ஒளிஞ்சிருந்து இப்ப தலை தூக்குதுன்னு சொல்லலாம். ஆனா கிளாமிடோமோனஸ்னு ஒரு பச்சைப் பாசி இருக்கு, அது வம்சத்துல எப்பவும் ஒத்தை செல்லுதான். அதோட பாராமீசியத்த விட்டு வளத்தாங்க, பாராமீசியம் அதப் புடிச்சுத் திங்கும். 2019ல மேத்யூ ஹெரான் குழு போட்ட கட்டுரைல, ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் கொறைவான காலத்துல, 5 கூட்டத்துல 2 கூட்டம் பல செல்லா மாறிருச்சு. வாய்க்குள்ள போகாத அளவுக்குப் பெருசாயிட்டா திங்க முடியாதுல்ல. இதுக்கு முன்னாடி 1998லயே மார்ட்டின் போராஸ்ங்கறவரு குளோரெல்லா பாசிய வெச்சு இதே மாதிரி பாத்திருக்காரு, அதுல எட்டு எட்டு செல்லா சேந்து நின்னுச்சு. எட்டுன்னா திங்கறவன் வாய்க்குப் பெருசு, அதே நேரம் ஒவ்வொரு செல்லுக்கும் தண்ணி படும், சாப்பாடு கெடைக்கும். ஆக எறங்கறதுக்கும் சேரலாம், தப்பிக்கறதுக்கும் சேரலாம். குளுந்து போன தண்ணி கெட்டியாயிட்டா நீந்த வலு வேணும், அதுக்காகவும் சேந்திருக்கலாம்னு ஒரு கட்சி இருக்கு, பூமியே பனியா ஒறஞ்சு கெடந்த 70 கோடி வருசத்துக்கு முந்தின காலத்த மனசுல வெச்சு சொல்றாங்க. ஒரே காரணம்னு எதையும் நான் நம்பல. 25 தடவ நடந்ததுக்கு 25 காரணம் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

சேந்ததும் வேலையப் பங்கு போடறது எப்படி வருதுன்னு பாக்க எங்க மாட்டுக் கொட்டகைக்கே வரலாம். சில்பாலின் ஷீட் விரிச்ச தொட்டில அசோலாங்கற, தண்ணில மெதக்கற சின்னச் செடி வளக்கறோம், மாட்டுக்கு அள்ளிப் போட. அந்தச் சின்ன எலைக்குள்ள ஒரு பொந்து, பொந்துக்குள்ள அனபீனான்னு ஒரு நீலப்பச்சை பாக்டீரியா, செல்லு செல்லாக் கோத்த இழையா இருக்கும். அசோலாவ வயலுக்கு உரமாப் போடறதே இதனாலதான், இது காத்துல இருக்கற நைட்ரஜனப் புடிச்சுக் குடுக்கும். ஆனா நைட்ரஜன் புடிக்கற என்சைமுக்கு ஆக்சிஜன் பட்டா கெட்டுரும், அதே செல்லு வெயில்ல சமையல் பண்றப்ப ஆக்சிஜன விடுது. ஒரே செல்லுல ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல ஆகாது. அதனால இழைல அங்கங்க ஒரு செல்லு, தனியா வாழற அனபீனால சுமாரா பத்துக்கு ஒண்ணு, சுவத்தக் கெட்டியாக்கிக்கிட்டு, ஆக்சிஜன் விடற வேலைய நிறுத்திட்டு, நைட்ரஜன மட்டும் புடிக்க ஆரம்பிக்குது. பக்கத்து செல்லுங்க அதுக்கு சக்கரை குடுக்கும், இது அவங்களுக்கு நைட்ரஜன் குடுக்கும். ஒண்ணு கவனிங்க, அப்படி மாறுன செல்லு அப்பறம் ரெண்டாப் பிரிஞ்சு பெருகாது. அதுக்குப் புள்ள குட்டி கெடையாது, அக்கம்பக்கத்துச் சொந்தத்துக்கு ஒழைச்சுட்டுப் போயிரும்.

பச்சைப் பாசிலயும் இதேதான், ஆனா வேற காரணம். கிளாமிடோமோனஸ் ரெண்டு வால ஆட்டி வெளிச்சம் இருக்கற பக்கம் நீந்தும். வாலுக்கு அடியில வேரா நிக்கற துணுக்கும், செல் பிரியறப்ப ஜோலி பாக்கற துணுக்கும் ஒண்ணுதான், அதனால பிரியற நேரத்துல நீந்த முடியாது. சின்னதா இருக்கறப்ப பரவால்ல, கூட்டம் பெருசாச்சுன்னா நீந்தாம இருக்கற நேரத்துல இருட்டுக்குள்ள எறங்கிரும். இதுக்கு வால்வாக்ஸ் கண்டுபுடிச்ச வழி, 2000 செல்லு நீந்த மட்டும், சுமாரா 16 செல்லு புள்ள பெத்துக்க மட்டும். மழை விட்டு தண்ணி தெளிஞ்ச குட்டைல ஒரு டம்ளர் மோந்து வெயில்ல புடிச்சா சில சமயம் வெறுங்கண்ணுக்கே பச்சைப் புள்ளியா உருள்றது தெரியும். நான் ஃபோல்ட்ஸ்கோப்னு பேப்பர்ல மடிச்ச மைக்ராஸ்கோப் வெச்சுப் பாப்பேன். கண்ணாடிக் குண்டு, ஓரமெல்லாம் பச்சைப் பொட்டு, உள்ள அடர்பச்சையா குட்டி உருண்டைங்க அசையாம இருக்கும், தாய்க்குள்ளயே புள்ளைங்க. கொஞ்ச நாள்ல தாய் கிழிஞ்சு புள்ளைங்க வெளிய வரும், தாயோட அந்த 2000 செல்லும் செத்துரும்.

இங்க நான் எப்பவும் கொஞ்சம் நின்னுருவேன். கிளாமிடோமோனஸ் பிரிஞ்சா தாய் செல்லு முழுசும் புள்ளைங்களா ஆயிருது, அங்க பொணம்னு ஒண்ணு மிஞ்சல. தீனியா போகலாம், காஞ்சு சாகலாம், ஆனா செத்துத்தான் ஆகணும்னு விதி இல்ல. வால்வாக்ஸ்ல பொணம் மிஞ்சுது. ஒழைக்கறதுக்குன்னு ஒரு பாகம், வம்சத்துக்குன்னு ஒரு பாகம்னு பிரிச்ச அன்னைக்கே வயசாகி சாகற ஒடம்பும் வந்துருச்சு. அந்த ஒழைக்கற செல்லுங்கள புள்ள பெத்துக்க விடாம அமத்தி வெக்கறது ரெக்ஏன்னு ஒரு ஜீன். அது கெட்டா நீந்திட்டு இருந்த செல்லு நீந்தறத விட்டுட்டு வளந்து, தானும் பிரிய ஆரம்பிச்சுரும்.

இதத்தான் நான் முதல்லயே சொன்னேன், சேர்றது பெருசில்ல, சேந்தவன் ஒவ்வொருத்தனுக்கும் தனியாப் பிரிஞ்சு பெருகற ஆசை உள்ளயே இருக்கு. நம்ம ஊரு சீட்டுதான் இது. 20 பேரு மாசாமாசம் கட்டறான், ஒருத்தன் ரெண்டாம் மாசமே சீட்ட எடுத்துட்டு அடுத்த மாசத்துல இருந்து கட்டாம நின்னுட்டா, அவனுக்கு லாபம், மத்தவங்களுக்கு நட்டம், ரெண்டு பேரு அப்படி ஆனா சீட்டே ஒடஞ்சு போகும். மண்ணுல எலைக் குப்பைல வாழற டிக்டியோஸ்டீலியம்னு ஒரு அமீபா இருக்கு, சாப்பாடு இருக்கற வரைக்கும் தனித்தனியாத்தான் திரியும், பட்டினி வந்தா ஒரு வேதிப்பொருள விட்டு ஒண்ண ஒண்ணு கூப்புட்டு, பத்தாயிரக்கணக்குல வந்து சேந்து ஒரு புழுவா ஊந்து போகும். வெளிச்சமான எடம் வந்ததும் அஞ்சுல ஒரு பங்கு செல்லு தண்டா நின்னு செத்துரும், மிச்சம் உச்சில ஏறி வித்தா ஆகி வேற எடத்துக்குப் போகும். வேற வேற வம்சம் கலந்து வந்துருச்சுன்னா தண்டுக்குப் போகாம வித்துக்கே ஓடற ஏமாத்துக்காரன் வந்துருவான், ஆராய்ச்சில நெறைய பாத்திருக்காங்க. கூட்டமா வந்து சேர்ற உயிருங்க பெரிய ஒடம்பா வளராததுக்கு இதான் முக்கிய காரணம்னு நான் நெனைக்கறேன்.

பெரிய ஒடம்பு எல்லாம், யானையோ ஆலமரமோ, ஒரே ஒரு செல்லுல இருந்துதான் ஆரம்பிக்குது. முட்டை, வெதைக்குள்ள இருக்கற கரு, எதா இருந்தாலும் தொடக்கம் ஒரே செல்லுதான். எதுக்கு இப்படி ஒரு குறுகல் வழின்னா, ஒண்ணுல இருந்து வந்தா எல்லாச் செல்லும் ஒரே ஜீன், ரத்த செல்லுக்குன்னு தனியா புள்ள இல்லாட்டியும் விந்தணு மூலமாவோ கருமுட்டை மூலமாவோ போறது அதே ஜீன்தான். ஏமாத்துனா கெடைக்கற லாபம் கொறைஞ்சு போகுது. அதையும் மீறி ஒருத்தன் ஏமாத்துனா அந்த ஒடம்போட போயிரும், அடுத்த தலைமுறை மறுபடி ஒண்ணுல இருந்து சுத்தமா ஆரம்பிக்கும்.

இதுக்கெல்லாம் தேவையான சாமான் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, பாதி முன்னாடியே இருந்துச்சு. மிருகங்களுக்கு ரொம்ப கிட்டத்து சொந்தமான கோயனோஃப்ளாஜெல்லேட்னு ஒத்தை செல் உயிர் இருக்கு, 2008ல நிக்கோல் கிங் குழு அதோட ஜீனோம, அதாவது மொத்த ஜீன் தொகுப்ப, படிச்சப்ப, நம்ம செல்லுங்கள ஒண்ணோட ஒண்ணு புடிச்சு வெக்கற காதெரின் புரதம் அதுலயே இருக்கு. தனியா வாழறவனுக்கு அது எதுக்கு? பாக்டீரியாவப் புடிச்சுத் திங்க உதவியிருக்கலாம்னு நெனைக்கறாங்க. அதுல ஒரு வகை, ஒரு பாக்டீரியா விடற கொழுப்புப் பொருள் பட்டாத்தான் பூங்கொத்து மாதிரி கூட்டமா வளரும். 1907ல வில்சன்ங்கற விஞ்ஞானி உயிருள்ள கடல் பஞ்ச, அதாவது ஸ்பாஞ்சுங்கற மிருகத்த, துணில வெச்சுப் பிழிஞ்சாரு, செல்லு செல்லாப் பிரிஞ்சு தண்ணில விழுந்துச்சு, செத்துப் போகல, மெதுவா ஊந்து ஊந்து ஒண்ணு சேந்து மறுபடி பஞ்சா ஆயிருச்சு.

காலக்கணக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். சித்ரகூட் பக்கம் விந்திய மலைப் பாறைல சுமாரா 160 கோடி வருசம் பழசான, செவப்புப் பாசி மாதிரி இருக்கற பல செல் புதைபடிவம் கெடைச்சிருக்குன்னு 2017ல சொன்னாங்க, அதுல ஒண்ணுக்கு ரஃபாத் ஆஸ்மிங்கற இந்திய விஞ்ஞானி பேர வெச்சு ரஃபாதாஸ்மியான்னு பேரு. கனடால கெடைச்ச பாங்கியோமார்ஃபாங்கற செவப்புப் பாசி சுமாரா 105 கோடி வருசம். கண்ணுக்குத் தெரியற பெரிய மிருக உருவங்க 60 கோடி வருசத்துக்கு உள்ளதான். நூறு கோடி வருசம் சின்னச் சின்னக் கூட்டமாவே இருந்திருக்கு, அவசரமே இல்ல.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னா எங்க அத்தைக்கு மார்புல கேன்சர் வந்துச்சு. கோயமுத்தூர்ல கீமோ ஓடிட்டு இருந்தப்ப பக்கத்துல ஒக்காந்திருந்தேன், "ஏங்கண்ணு, நான் ஒரு கெட்ட பழக்கம் இல்லாத ஆளு, எனக்கு எதுக்கு இது வரோணும், யாருக்கு என்ன பாவம் பண்ணுனேன்"னு கேட்டாங்க. நீங்க ஒண்ணுமே பண்ணல அத்தைன்னு சொன்னேன், அது ஆறுதலுக்குச் சொன்னது இல்ல, நெசம். நம்ம ஒடம்புல ஒரு நாளைக்கு சுமாரா 33,000 கோடி செல்லு சாகுது, அந்த எடத்துக்குப் புதுசு வருது. அத்தனை தடவ காப்பி எடுக்கறப்ப எங்கயாச்சும் எழுத்து தப்பும். பொகையில போட்டா தப்பு அதிகமாகும், ஆமா, ஆனா ஒண்ணுமே போடாதவங்களுக்கும் தப்பத்தான் செய்யும். தப்பு விழற எடம் செல்லு இஷ்டத்துக்குப் பெருகாம அமத்தி வெக்கற கட்டுப்பாட்டு ஜீனா இருந்துச்சுன்னா, அந்த செல்லு பழைய வாழ்க்கைக்குத் திரும்பப் பாக்குது, தின்னு, பிரி, பெருகு, பக்கத்துல யாரு இருந்தா என்ன. 2017ல மெல்போர்ன்ல ஒரு குழு 7 வகை கட்டிங்கள ஆராஞ்சு பாத்தப்ப, ஒத்தை செல் காலத்துல இருந்தே இருக்கற ஜீனுங்க அதுல ஓங்கியும், பல செல் காலத்துல வந்த ஜீனுங்க அடங்கியும் இருக்கறதக் கண்டாங்க. கேன்சர் வெளிய இருந்து வந்த எதிரி இல்ல, நாம சேந்து இருக்கறதுக்குக் குடுக்கற வெல.

டாப்ஸ்லிப் பக்கம் யானையப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு இதே யோசனதான். அத்தனை பெரிய ஒடம்பு, அத்தனை செல்லு, அறுபது எழுவது வருசம், கணக்குப்படி கேன்சர் நம்மள விட நெறைய வரணும். அப்படி வர்றதில்ல. ரிச்சர்ட் பீட்டோ 1970கள்லயே இந்தப் புதிர எடுத்துச் சொன்னாரு. 2015ல விடைல ஒரு பகுதி தெரிஞ்சுது, கெட்டுப்போன செல்ல கொன்னு போடச் சொல்ற டிபி53 ஜீன் நமக்கு ஒண்ணுதான், யானைக்கு 20. அதோட செல்லுல டிஎன்ஏ அடிபட்டா ரிப்பேர் பாத்துட்டு இருக்கறத விட சட்டுனு செத்துப் போறதத்தான் தேர்ந்தெடுக்குது. ஈஸ்ட்டு கொத்துல பாத்தோமே, அந்தத் தானா சாகற குணம், அது இவ்வளவு பெரிய ஒடம்ப இவ்வளவு வருசம் ஒண்ணாப் புடிச்சு வெச்சிருக்கு.

கதவ ஒடச்சிட்டு நெசமாவே தப்பிச்சுப் போன செல்லும் ஒண்ணு இருக்கு. தெரு நாய்ங்களுக்கு அந்தரங்க எடத்துல செவப்பாக் கட்டி வந்து ரத்தம் சொட்டும், நம்ம பக்கம் நெறைய பாக்கலாம். அது அந்த நாயோட சொந்த செல்லே இல்ல. பல ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி ஆசியாவுல வாழ்ந்த ஒரு நாய்க்கு வந்த கேன்சர், 2019ல வந்த ஆய்வு 4000ல இருந்து 8500 வருசம்னு சொல்லுது. அந்த நாய் செத்தும் கேன்சர் சாகல, இணை சேர்றப்ப நாய்க்கு நாய் தொத்தி, இன்னைக்கு ஒலகம் பூரா இருக்கு. ஒரு மிருகத்தோட செல்லு ஒடம்ப விட்டு வெளிய வந்து தனி உயிரா வம்சம் ஓட்டிட்டு இருக்கு, நடுநடுவுல நாயோட செல்லுல சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவத் திருடி தன்னைப் புதுப்பிச்சுக்கவும் செய்யுது. எங்க பஸ் ஸ்டாப்ல இருந்த ஒரு பொட்ட நாய்க்கு இது வந்து, பக்கத்துல யாரும் போகாம கல்லெறிஞ்சு வெரட்டிட்டு இருந்தாங்க. வெட்னரி டாக்டரக் கூட்டிட்டு வந்தோம், வாரம் ஒரு ஊசி, வின்கிறிஸ்டின். நம்ம வீட்டு வாசல்ல பூக்கற நித்தியகல்யாணிச் செடில இருந்து எடுக்கற மருந்து அது, செல் பிரியறப்ப ரெண்டு பக்கமும் இழுக்கற நுண்குழாய கட்ட விடாமப் பண்ணும். ஊசி போடப் போட கட்டி சுருங்கி, கடைசில எடமே தெரியாமப் போச்சு. உங்க தெருவுல இப்படி ஒரு நாயப் பாத்தா வெரட்டாதீங்க, மாட்டாஸ்பத்திரில போய்ச் சொல்லுங்க, நாலுல இருந்து ஆறு ஊசில பெரும்பாலும் சரியாயிரும்.